டான்சிலை எடுத்தாச்சு... வலியை என்ன பண்றது?

ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் காலேஜ் போய் வர்றவங்களே! 'செமஸ்டர் லீவுல டான்சிலை எடுத்துடலாம்'னு டாக்டர் சொல்லிட்டாரா? 'ரெண்டு நாள் ஐஸ்கிரீம் சாப்பிட்டா சரியாயிடும்'னு வீட்டில் தேத்துவாங்க. நம்பாதீங்க! பொடிசுகளைவிட உங்க வயசுக்கு வலி ஜாஸ்தி. பத்து நாள், சிலருக்கு ரெண்டு வாரம்கூட இழுக்கும்.

இதில் ஒரு வில்லங்கம். குறைஞ்ச மாதிரி இருக்கிற வலி அஞ்சாம் நாள் வாக்கில் திரும்ப எகிறலாம். புண் மேல படிஞ்ச வெள்ளைப் பொருக்கு உதிர்ற நேரம் அது. அதைப் பார்த்து 'சீழ் வெச்சிருச்சு'ன்னு அலறாதீங்க. காதும் வலிக்கும். காது நல்லாத்தான் இருக்கு; தொண்டைக்குப் போற நரம்போட கிளை அங்கேயும் போகுது, அவ்வளவுதான்.

இபுபுரூஃபன் கொடுத்தா ரத்தம் கசியுமோன்னு முன்னெல்லாம் டாக்டர்கள் ரொம்பத் தயங்கினாங்க. 2019-ல் அமெரிக்க காது-மூக்கு-தொண்டை டாக்டர்கள் அமைப்பு, குழந்தைகளுக்கான வழிகாட்டுதலில் இபுபுரூஃபன், பாரசிட்டமால், அல்லது ரெண்டும் சேர்த்துனு பரிந்துரைச்சது. ஆஸ்பிரின் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ரத்தத்தை உறைய விடாது.

வலி உச்சத்துக்குப் போன பிறகு மாத்திரையைத் தேடாதீங்க. டாக்டர் சொன்ன மணிக்குப் போடுங்க. வெறும் வயித்துல இபுபுரூஃபன் போட்டா வயிறு புண்ணாகும். ஆறின பாலோட போட்டு, அரை மணி கழிச்சு குழைச்ச தயிர்சாதம். வலிக்குப் பயந்து தண்ணியை நிறுத்தினா தொண்டை காய்ஞ்சு வலி கூடும், கிட்னிக்கும் ஆபத்து. அல்சர், ஆஸ்துமா இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க.

மெடிக்கல் ஷாப்பில் 'வலி மாத்திரை'ன்னு கேட்டா, பல நேரம் பாரசிட்டமாலும் கலந்த மாத்திரைதான் வரும். அதோட தனி பாரசிட்டமாலும் போட்டா டபுள் டோஸ்! பெரியவங்களுக்கே ஒரு நாள் உச்சவரம்பு 4 கிராம்தான். அட்டையைத் திருப்பிப் படிங்க. உங்க மாத்திரையைத் தம்பிக்குப் பாதி உடைச்சுக் கொடுக்கிற வேலையும் வேண்டாம். நிமெசுலைடு 12 வயசுக்குக் கீழே 2011-லேயே இந்தியாவில் தடை. டான்சில் எடுத்த குழந்தைகளுக்குக் கோடீன் கூடாதுன்னு 2013-ல் அமெரிக்கா எச்சரிச்சது, சில குழந்தைகள் மூச்சு அடங்கிச் செத்த பிறகு.

பார்க்க வர்ற ஃப்ரெண்ட் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவோட வருவான் (2019-ல் புவிசார் குறியீடு வாங்கினதாச்சே!). கொஞ்சமா சாப்பிட்டு தண்ணி குடிங்க. சாத்தூர் சேவுக்கு மட்டும் ரெண்டு வாரம் 'டூ' விட்டுடுங்க.

எட்டாம் நாள் ஆனாலும் சரி, துப்பும்போது செக்கச்செவேல்னு ரத்தம் வந்தா விடியட்டும்னு படுத்துடாதீங்க. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.