அவள் எங்கே விழுந்தாள்?



போன எபிசோட்ல, ஒரு சர்வர் விழுந்தா டெக் கம்பெனிகள் அப்புறம் உட்கார்ந்து எழுதுற ‘போஸ்ட்மார்ட்டம்’ பற்றிப் பேசினோம், ஞாபகம் இருக்கா? "யார் தப்பு?" என்று கேட்காமல் "எந்த இடம் திறந்து கிடந்தது?" என்று கேட்க வேண்டும் என்று பெரிய மேதை மாதிரி நான் மைக்கில் சொன்னேன். அதை ரெகார்ட் பண்ணின அதே வாரம் எங்கள் வீட்டில் ஒன்று விழுந்தது. சர்வர் இல்லை. என் தங்கச்சி.

அவளுக்கு 16 வயது. ஜெர்சி சிட்டியில் ஹை ஸ்கூல் படிக்கிறாள், போல்வால்ட் பண்ணுகிறாள். தமிழ்ப் பேப்பர்களில் ‘கோலூன்றித் தாண்டுதல்’ என்று போடுவார்களே, அதேதான். 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ரோஸி மீனா 4.20 மீட்டர் தாண்டி இந்திய சாதனை படைத்த வீடியோவை சித்தி வாட்ஸப்பில் அனுப்பினார். அதைப் பார்த்து ஆரம்பித்ததுதான் இந்தக் கிறுக்கு.

பிப்ரவரியில் ஒரு ப்ராக்டிஸ். ஓடி வந்து கம்பை ஊன்றினாள். கம்பு பாதி வரை நிமிர்ந்தது, அப்புறம் அப்படியே நின்றுவிட்டது. முன்னால் மெத்தைக்குப் போக வேண்டியவள், வந்த வழியே கீழே வந்தாள். கால் முதலில் பட்டதால் கணுக்கால் சுளுக்கோடு போயிற்று. ஆனால் அம்மா முடிவு பண்ணிட்டாங்க. ஸ்ப்ரிங் சீசனுக்கான சம்மதப் படிவம் டைனிங் டேபிளில் கையெழுத்து இல்லாமல் ரெண்டு வாரம் கிடந்தது.

"நீதானே எல்லாத்துக்கும் ரிசர்ச் பண்ணுவே? இது சேஃப்பா இல்லையான்னு பார்த்துச் சொல்லு. அப்புறம் கையெழுத்துப் போடுறதைப் பத்திப் பேசலாம்."

பார்த்தேன். அம்மாவிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மூங்கில், மண், மரத்தூள்

"எங்க ஸ்கூல்ல மூங்கில் கம்புதான். மண்ணுலதான் விழுவாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்பது அம்மாவின் முதல் வாதம். அதில் பாதி உண்மை இருக்கிறது.

கார்னீலியஸ் வார்மர்டாம் என்ற அமெரிக்கர் 1942இல் மூங்கில் கம்பால் 4.77 மீட்டர் தாண்டினார். அந்தச் சாதனை 15 வருஷம் நின்றது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டான் பிராக் நம்ம நியூ ஜெர்சிக்காரர், தெற்கே பென்ஸ் க்ரோவ் ஊர். அவர் வைத்திருந்தது வளையாத உலோகக் கம்பு. அந்தக் காலத்தில் விழுந்த இடம் மணல் அல்லது மரத்தூள். அதனால் காலால் இறங்கித்தான் ஆக வேண்டும். அந்த உயரமும் காலால் இறங்கக்கூடிய உயரம்தான்.

அடுத்த வருஷமே ஃபைபர் கிளாஸ் கம்பில் உலக சாதனை உடைந்தது. 1963இல் 5 மீட்டரையும் தாண்டிவிட்டார்கள். 2025 செப்டம்பரில் டுப்ளான்டிஸ் டோக்கியோவில் 6.30 தொட்டார். ஃபைபர் கிளாஸ் வில் மாதிரி வளைந்து, ஓட்டத்தின் வேகத்தைச் சேர்த்து வைத்து, ஆளைத் தலைகீழாக மேலே எறிகிறது. தலைகீழாகப் போகிறவர் முதுகில்தான் இறங்க முடியும். ஆகவே நுரை மெத்தை வந்தது. கம்பை அப்டேட் பண்ணினார்கள், அது தரையையும் அப்டேட் பண்ண வைத்தது.

ஒரு சின்னக் கணக்கு. 3 மீட்டர் கீழே விழுந்தால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கி.மீ. மெத்தையிலும் அதே வேகம்தான், கான்கிரீட்டிலும் அதே வேகம்தான். மெத்தை உங்களை அரை மீட்டர் தூரத்தில் மெதுவாக நிறுத்துகிறது. கான்கிரீட் ஒரு சென்டிமீட்டரில் நிறுத்துகிறது. நிறுத்தும் விசை கிட்டத்தட்ட 50 மடங்கு. ஆக, எவ்வளவு உயரத்திலிருந்து என்பதைவிட எங்கே என்பதுதான் கேள்வி.

32 பேர்

அதையே ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள். பேரி போடன் என்ற எலும்பு மருத்துவரும் அவருடைய குழுவும், 1982 முதல் 1998 வரை அமெரிக்கப் பள்ளி, கல்லூரி போல்வால்ட்டில் நடந்த மிக மோசமான விபத்துகளைச் சேகரித்து 2001இல் வெளியிட்டார்கள். மொத்தம் 32 பேர். அதில் 16 பேர் இறந்துவிட்டார்கள். பெரும்பாலும் என் தங்கச்சி வயதுப் பையன்கள்.

நான் தேடியது எண்ணிக்கையை அல்ல, இடத்தை. 17 பேருக்கு உடம்பு மெத்தை ஓரத்தில் விழுந்து, தலை மட்டும் வெளியே தெறித்துத் தரையில் அடித்திருக்கிறது. 5 பேர் மெத்தையையே தவறவிட்டவர்கள். 8 பேர் கம்பை ஊன்றும் ‘பாக்ஸ்’ஸில் விழுந்தவர்கள். பெரும்பாலான கேஸ்களுக்கு ஒரே காரணம்: மெத்தை சின்னது.

இந்த ஆய்வு வந்தும் விதி உடனே மாறவில்லை. 2002 பிப்ரவரி 23, மினியாபொலிஸில் பிக் டென் உள்ளரங்கப் போட்டி. பென் ஸ்டேட் மாணவர் கெவின் டேர், 19 வயது, தாண்டும்போது தலைகீழாக பாக்ஸுக்குள் விழுந்து இறந்தார். அதே வருஷம் சில வாரங்களுக்குள் இரண்டு பள்ளி மாணவர்களும் இந்த விளையாட்டில் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் 2003இல் மெத்தையின் குறைந்தபட்ச அளவைப் பெரிதாக்கினார்கள்: அகலம் 4.9 மீட்டரிலிருந்து 6 மீட்டர், நீளம் 3.7இலிருந்து 5 மீட்டர்.

ஓட்டை இடம் மாறியது

டெக்ல வேலை பார்க்கிறவங்களுக்கு அடுத்து என்ன வரும்னு தெரிஞ்சிருக்கும். ஒரு பக்கை அடைத்தால், இதுவரை அதன் பின்னால் ஒளிந்திருந்த அடுத்த பக் வெளியே வரும்.

போடன் குழு 2003 முதல் 2011 வரை மறுபடி பார்த்தது. இந்தத் தடவை 19 மோசமான விபத்துகள், ஒரே ஒரு மரணம். வருஷத்துக்கு ஒன்றாக இருந்த மரணம், ஒன்பது வருஷத்துக்கு ஒன்றாகிவிட்டது. விதி வேலை செய்திருக்கிறது. ஆனால் வருஷத்துக்கு சுமார் இரண்டு மோசமான விபத்து என்ற கணக்கு மட்டும் குறையவே இல்லை. அந்த 19இல் 11 பேர் விழுந்த இடம் பாக்ஸுக்குள் அல்லது அதைச் சுற்றி.

இந்த பாக்ஸ் என்ன என்றால், ஓடுபாதை முடிவில் தரைக்குள் பதித்த சரிவான தொட்டி. ஒரு மீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 20 செ.மீ. கம்பின் நுனி அங்கேதான் போய் முட்டும். கம்பு வளைந்து சாய இடம் வேண்டும் என்பதால் மெத்தையை அதன் மேல் முழுசாக மூட முடியாது. மூன்று பக்கமும் மெத்தை, நடுவில் ஒரு கடினமான பள்ளம். என் தங்கச்சி விழுந்தது சரியாக இங்கேதான்.

கெவினின் அப்பா எட் டேர், மகன் இறந்த பிறகு பாதுகாப்புத் தரங்களுக்காக வருஷக்கணக்கில் உழைத்தார். 2012இல், பாக்ஸைச் சுற்றிப் போடும் நுரை ‘காலர்’ எப்படி இருக்க வேண்டும் என்று ஏ.எஸ்.டி.எம். ஒரு தரம் வெளியிட்டது. கொஞ்ச காலத்தில் பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் அது கட்டாயமானது. தங்கச்சியின் கால் போய்ப் பட்டது அந்தக் காலர் மேல். அந்தத் தரம் வருவதற்கு முன்னால் தாண்டியிருந்தால் அந்த இடத்தில் வெறும் விளிம்பு இருந்திருக்கலாம். இதைப் படித்துவிட்டு லேப்டாப்பை மூடி வைத்து, கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

கம்பு மேல ஒரு நம்பர்

சரி, கம்பு ஏன் பாதியில் நின்றது? ஒவ்வொரு கம்பிலும் அதன் நீளமும், எத்தனை பவுண்டு எடைக்கு என்பதும் எழுதியிருக்கும். பள்ளி விதிப்படி, தாண்டுகிறவரின் எடை அந்த எண்ணைத் தாண்டக் கூடாது. மெல்லிய கம்பு அதிகமாக வளையும், உடையவும் கூடும். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் கியூபாவின் லாசரோ போர்ஹெஸ் கம்பு நடுவானில் துண்டு துண்டானது, அவர் நல்லவேளையாக எழுந்து நடந்தார். 2016இல் சாண்டி மோரிஸுக்குக் கம்பு உடைந்து மணிக்கட்டு முறிந்தது. மூன்று மாதம் கழித்து ரியோவில் வெள்ளி வென்றார்.

ஆனால் விதி ஒரு பக்கத்தை மட்டும்தான் பார்க்கிறது. உங்கள் வேகத்துக்கு மீறின முரட்டுக் கம்பை எடுத்தால் எந்த விதியும் தடுக்காது. அந்தக் கம்பு நிமிராது, உங்களைத் திருப்பி பாக்ஸுக்கே அனுப்பும். பிடியை ரொம்ப மேலே வைத்தாலும் அதே கதை.

"அன்னிக்கு புதுக் கம்பா?" என்று தங்கச்சியைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"ஆமாண்ணா. ஒரு சைஸ் பெருசு. அதோட லாஸ்ட் ஜம்ப், டயர்டா இருந்தேன். ஸ்டெப்பும் சரியா வரல. விட்டுட்டு ஓடியிருக்கணும். எல்லாரும் பார்த்துட்டிருந்தாங்க."

போஸ்ட்மார்ட்டம் அங்கே முடிந்தது. ஸ்டெப் சரியில்லை என்றால் ஊன்றாமல் மெத்தைக்குள் ஓடிப் போய்விடலாம். அதைத் தோல்வியாக நினைக்காமல் பழகுவதுதான் காசில்லாத பாதுகாப்புக் கருவி.

ஹெல்மெட்டுக்கும் தனித் தரம் இருக்கிறது. மண்டையைக் காக்கும், கழுத்தைக் காக்கும் என்று சொல்ல முடியாது. ஆபத்து பூஜ்யமும் ஆகாது. 2015 ஜூலையில் ஆஸ்திரியாவின் தேசிய சாதனையாளர் கீரா க்ரூன்பெர்க், வழக்கமான ப்ராக்டிஸில் விழுந்து கழுத்து முறிந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். அப்போது அவருக்கு 21 வயது. இதையும் அம்மாவிடம் மறைக்கவில்லை.

கையெழுத்து

அம்மா எல்லாம் கேட்டாங்க. "அப்போ சேஃப்பா, இல்லையா?"

"முன்னைக்கு எவ்வளவோ சேஃப். முழுசா இல்லம்மா. நாம பார்க்க வேண்டியது நாலு: மெத்தை முழு அளவா, நகராம இருக்கா. சுத்தி கடினமான தரை மூடியிருக்கா. பாக்ஸுக்குக் காலர் இருக்கா. கம்பு இவளுக்கு ஏத்ததா."

அடுத்த செவ்வாய் அம்மா வேலையிலிருந்து நேராக ப்ராக்டிஸுக்கு வந்தாங்க. பாக்ஸ் பக்கத்தில் போய், செருப்புக் காலால் காலரை ரெண்டு தரம் அமுக்கிப் பார்த்தாங்க. அப்புறம் கோச்சிடம், அவங்க இங்கிலீஷில், என் தங்கச்சி கம்பில் என்ன நம்பர், அதை மாற்றுவது யார் முடிவு என்று கேட்டாங்க. அவர் கம்பைக் கொண்டு வந்து காட்டி, ஒரு சைஸ் குறைத்ததையும் சொன்னார்.

வரும் வழியில் நியூவார்க் அவென்யூவில் தோசை. படிவம் அம்மா கைப்பையில்தான் இருந்தது. சட்னிக் கிண்ணத்தை நகர்த்தி வைத்துக் கையெழுத்துப் போட்டாங்க.

"ஸ்டெப் வரலேன்னா விட்டுட்டு ஓடிடணும். யார் பார்த்தாலும் பரவாயில்ல."

தங்கச்சி தலையாட்டினாள்.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி ஒரு விளையாட்டு ஆடினால், விழுந்த கதையை எங்களுக்கு எழுதுங்கள். யார் தப்பு என்று வேண்டாம், எங்கே விழுந்தார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அடுத்த வாரம் பார்ப்போம்!