காலைக் கழற்றச் சொன்னார்கள்!

மௌலா அலி ரயில்வே குடியிருப்பின் மூத்தவர்கள் 'மயூரி' என்ற தெலுங்குப் படத்தை மறந்திருக்கமாட்டார்கள். 1985-ல் ராமோஜி ராவ் தயாரிக்க, சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கிய படம். காலை இழந்த நாட்டியப் பெண்ணாக நடித்தவர், மெய்யாகவே காலை இழந்த சுதா சந்திரன்தான்.

1981-ல் திருச்சி அருகே பஸ் விபத்தில் அவர் அடிபட்டார். காயம் அழுகி, வலது கால் எடுக்கப்பட்டது. டாக்டர் சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் உருவாக்கிய ஜெய்ப்பூர் காலைப் பொருத்திக்கொண்டு, 1984-ல் மீண்டும் சலங்கை கட்டினார். வெறுங்காலோடு நடக்கவும் சம்மணமிட்டு உட்காரவும் நம்மவர்களுக்கென்றே செய்த கால் அது. வெளிநாட்டுக் காலுக்கு பூட்ஸ் அல்லவா வேண்டும்!

நாடே கைதட்டியது. ஆனால் ஊனமுற்றோருக்கான உரிமைச் சட்டம் வர 1995 டிசம்பர் ஆயிற்று. அதுவும் ஜாவேத் ஆபிதி முதலானோர் டில்லியில் தெருவில் இறங்கிய பிறகு. அரசு வேலையில் அது தந்த 3 சதவீத ஒதுக்கீட்டை, 2016-ம் ஆண்டுச் சட்டம் 4 ஆக்கியது. நம் ரயில்வேக்கும் அது பொருந்தும்.

2021 அக்டோபரில் சுதா சந்திரன் பிரதமருக்கு வீடியோவில் முறையிட்டார். விமான நிலையச் சோதனையில் ஒவ்வொரு முறையும் செயற்கைக் காலைக் கழற்றச் சொல்கிறார்களாம். மூத்த குடிமக்களுக்கு இருப்பதுபோல் தம் போன்றோருக்கும் ஓர் அட்டை வேண்டும் என்று கேட்டார். மத்திய தொழிற் பாதுகாப்புப் படை உடனே மன்னிப்புக் கேட்டது. கேட்டவர் பெயர் பெற்றவர். நம் பிளாட்பாரத்தில் ஊன்றுகோலோடு நிற்பவர் வீடியோ எடுத்தால் யார் பார்ப்பார்கள்?