துருவின் மேல் பெயிண்ட் நிற்காது: டிரெய்லர் தகட்டைக் காக்க எளிய வழி

நவரை அறுவடை முடிந்து சொர்ணவாரி உழவு தொடங்கும் முன் சில நாட்கள் ஓய்வு கிடைக்கும். அப்போது டிராக்டர் டிரெய்லரின் அடித்தகட்டைக் குனிந்து பாருங்கள். பெயிண்ட் கொப்பளித்த இடத்தைச் சிறு சுத்தியலால் தட்டுங்கள். கெட்டியான ஒலி வந்தால் தகடு இன்னும் உயிரோடு இருக்கிறது. மூன்று நாள் வேலையில் காப்பாற்றிவிடலாம். தட்டியதும் உள்ளே போனால் அந்தப் பகுதியை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்வதைத் தவிர வேறு வழியில்லை.

தகடு மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் பிரைமரும் பெயிண்டும் சிறு செலவுதான். ஆனால் பலர் துருவின் மேலேயே பளபளப்பாக ஒரு பூச்சு அடித்துவிடுகிறார்கள். அடுத்த மழைக்காலத்துக்குள் அது உரிந்துவிடுகிறது.

உப்பு எங்கிருந்து வருகிறது?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் பல மடங்காகும். காஞ்சிபுரம் கடற்கரை ஊர் அல்ல. இங்கே உப்பு உர மூட்டையில் இருந்து வருகிறது. பொட்டாஷ் உரத்தில் குளோரைடு உள்ளது. யூரியா, காம்ப்ளக்ஸ் உரங்கள் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூலையில் சிந்திய ஒரு பிடி உரம், மழையில்லாத நாளிலும் தகட்டை ஈரமாகவே வைத்திருக்கும். தொழு உரம், கோழி எரு ஏற்றிய பின் கழுவாமல் விட்டாலும் இதே கதிதான்.

துரு, தான் தின்ற இரும்பைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைக்கும். அதனால்தான் மேலே உள்ள பெயிண்டைத் தூக்கிவிடுகிறது.

தொழிற்சாலை சொல்லும் பாடம்

நம் மாவட்டத்தில் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் தயாராகின்றன. கார் தொழிற்சாலைகளில் தகட்டுக் கூட்டை முதலில் எண்ணெய்ப் பிசுக்கு போகக் கழுவுகிறார்கள். பிறகு பாஸ்பேட் கரைசல், அதன் பின் மின்சாரம் பாயும் தொட்டியில் முழுக்கிப் பிரைமர், கடைசியில்தான் நிறம். கண்ணுக்குத் தெரியும் நிறத்துக்கு முன் இத்தனை வேலை நடக்கிறது.

பட்டு நெசவு தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. கச்சாப் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் சேர்த்துக் காய்ச்சிப் பசையை நீக்காவிட்டால் சாயம் சரியாக ஏறாது. தகட்டுக்கும் அதே நியாயம்தான்.

முதல் நாள்: கழுவுதல், சுரண்டுதல்

முதலில் சோப்புத் தூள் கரைத்த நீரால் சேறு, சாணம், உரம் எல்லாம் போகத் தேய்த்துக் கழுவி, நல்ல நீரில் அலசி வெயிலில் காய விடுங்கள். கிரீஸ் படிந்த இடங்களைத் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். மண்ணெண்ணெய் வேண்டாம், அது எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லும். பிசுக்கை எடுத்த பிறகே உப்புத்தாள் போட வேண்டும். முன்பே தேய்த்தால் கிரீஸ் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

அடுத்து, உதிரும் துருவைச் சுரண்டியாலும் கம்பி பிரஷாலும் எடுங்கள். பரப்பு பெரிதாக இருந்தால் கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டலாம். பிறகு 80ஆம் எண் உப்புத்தாள், அதன் மேல் 120, 180. பழைய பெயிண்டும் வெறும் தகடும் சேரும் விளிம்பை விரலால் தடவினால் படி தட்டக் கூடாது, அதுவரை தேயுங்கள்.

சுத்தமானதா என்று அறிய, சிறிது நீர் தெளித்துப் பாருங்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் சரி. முத்து முத்தாக நின்றால் பிசுக்கு இருக்கிறது, மீண்டும் துடையுங்கள். சோதித்ததும் தகட்டை உடனே உலர்த்திவிடுங்கள்.

குழிகளுக்குள் ஒளிந்திருக்கும் துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி கடைகளில் கிடைக்கிறது. மெல்லியதாகத் தடவி, டப்பாவில் சொன்னபடி காயவிட்டோ கழுவியோ முடியுங்கள். கையுறை கட்டாயம்.

இந்த வேலையில் கண்ணாடியும் முகக்கவசமும் அவசியம். வீட்டு, அலங்காரப் பெயிண்டுகளில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. பழைய வண்டியின் பெயிண்ட் தூளில் ஈயம் இருக்கலாம். குழந்தைகளும் மாடுகளும் நடமாடும் இடத்தில் தேய்க்காதீர்கள். கிரைண்டர் பொறி பறக்கும். வைக்கோல் போர், டீசல் டேங்க் அருகில் வேண்டாம்.

அன்றே பிரைமர்

தேய்த்த தகட்டை இரவு முழுவதும் வெறுமனே விட்டால் பனியில் மீண்டும் துரு படரும். அன்றே முதல் பிரைமர் அடித்துவிடுங்கள். அன்று முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் தேயுங்கள். மீதியை மறுநாள் பார்க்கலாம்.

கடையில் 'ரெட் ஆக்சைடு' என்று மட்டும் கேட்காதீர்கள். 'ஜிங்க் பாஸ்பேட்' சேர்ந்ததா என்று டப்பாவைப் பாருங்கள். சிவப்பு நிறம் மட்டும் துருவைத் தடுக்காது. 'ஜிங்க் குரோம்' என்றிருந்தால் தவிருங்கள். அதில் உள்ள குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக் கூடியது.

10 அடிக்கு 6 அடி டிரெய்லர் தளம் 60 சதுர அடி. மேலும் கீழும் இரண்டு பூச்சு என்றால் 240 சதுர அடி. ஒரு லிட்டருக்குச் சுமார் 80 முதல் 100 சதுர அடி என்று கணக்கிட்டால் 3 லிட்டர் பிரைமர் தேவைப்படும்.

முதலில் ஓரங்கள், வெல்டிங் பட்டைகள், போல்ட் தலைகள் ஆகியவற்றில் சிறு பிரஷால் தடவுங்கள். துரு தொடங்குவது அங்கேதான். பெயிண்ட் மெலிந்து நிற்பதும் அங்கேதான். பிறகு முழுப் பரப்பிலும் மெல்லியதாக ஒரு பூச்சு, மறுநாள் இன்னொரு பூச்சு. ஒரே தடவையில் தடிப்பாக அடித்தால் மேலே காய்ந்து உள்ளே பச்சையாக இருக்கும்.

காலைப் பனி காய்ந்த பிறகு தொடங்கி, தகடு சுடும் முன் முடியுங்கள். கை வைக்க முடியாத சூட்டில் அடித்தால் பெயிண்டில் ஊசித் துளைகள் விழும்.

மூன்றாம் நாள்: நிறம்

பிரைமர் நீரை முழுமையாகத் தடுக்காது. பிரைமரோடு மட்டும் வண்டியை மழையில் விட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். நன்றாகக் காய்ந்ததும் இரண்டு பூச்சு எனாமல் அடியுங்கள். சாதாரண ரெட் ஆக்சைடின் மேல் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் கார் பெயிண்டை அடிக்காதீர்கள். கீழே உள்ள பூச்சு சுருங்கித் தூக்கிக்கொள்ளும். கார் பெயிண்டில் ஹார்ட்னர் கலந்து ஸ்பிரே செய்வது நுரையீரலுக்குக் கேடு. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

முதல்முறை செய்பவர்கள் கவனிக்க

* முன்பக்க பானட்டில் தொடங்காதீர்கள். ஒரு மட்கார்டில் பழகிய பின் மற்றவற்றுக்குப் போங்கள்.
* ஓட்டையைப் பட்டி பார்த்து மறைக்காதீர்கள். பட்டி ஈரத்தை உறிஞ்சும். பின்னால் துரு தொடரும்.
* பட்டி மீதும் வெறும் தகட்டின் மீதும் நீர் ஊற்றித் தேய்க்காதீர்கள். உலர்வாகவே தேயுங்கள்.
* கிரீஸ் நிப்பிள், ஹைட்ராலிக் தண்டு, சேசிஸ் எண் ஆகியவற்றில் பெயிண்ட் படாமல் டேப் ஒட்டுங்கள். சைலன்சருக்குச் சூடு தாங்கும் பெயிண்ட் தனியாக உண்டு.
* நிறத்தையே மாற்றுவதானால் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கழிவு ஆயில் வேண்டாம்

எஞ்சினில் இருந்து வடித்த ஆயிலைத் தகட்டில் பூசும் பழக்கம் பரவலாக இருக்கிறது. அது சொட்டி மண்ணையும் கிணற்றையும் கெடுக்கும். பின்னாளில் அந்தத் தகட்டில் பெயிண்டும் ஒட்டாது. பிரஷ் எட்டாத பெட்டிக் குழாய்களில் நீர் வடியும் துளைகளைக் குத்தித் திறந்து வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவற்றுக்குள் மெழுகு கலந்த துருத்தடுப்பான் தெளிக்கலாம்.

உரம் இறக்கிய அன்றே டிரெய்லரைக் கழுவி, பின்கதவைத் திறந்து, சற்றுச் சாய்வாக நிறுத்துங்கள். சேற்றுழவு முடிந்ததும் கேஜ்வீலையும் ரோட்டவேட்டரையும் இதேபோல் கழுவுங்கள். ஐப்பசி மழைக்கு முன் ஒருமுறை சுற்றிப் பார்த்து, கல் பட்டுப் பெயர்ந்த இடங்களில் பிரைமரும் எனாமலும் தொட்டு வையுங்கள். காசு அளவு துருவைத் தேய்த்து எடுக்கப் பத்து நிமிடம் போதும். அதை விட்டுவைத்தால் நெல் மூட்டையோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில் தளம் கிழிந்து நிற்க வேண்டியிருக்கும்.