மடிக்கணினியில் நீர் சிந்தினால்

இன்று பல இல்லங்களில் ஒரே மடிக்கணினியைப் பெற்றோரும் பிள்ளைகளும் பகிர்ந்து பயன்படுத்துகின்றனர். தந்தையின் அலுவலகக் கணக்குகள், அக்காவின் செயல்திட்டம், ஊரிலுள்ள பாட்டியின் ஒளிப்படங்கள் ஆகிய யாவும் அதனுள் இருக்கின்றன. அதன்மீது தேநீர்க் கோப்பை சாய்ந்துவிட்டால் என்ன செய்வது?

விசைப்பலகைக்கு அடியில் தாய்ப்பலகை என்னும் முதன்மை மின்சுற்றுப் பலகை அமைந்துள்ளது. விசைகளின் இடுக்குகள் வழியே இறங்கும் நீர் அதனை எளிதில் அடைகிறது. தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆனால், குழாய் நீரிலும் தேநீரிலும் பழச்சாற்றிலும் உப்புகள் கரைந்துள்ளன. அதனால் அவை மின்சாரத்தை நன்கு கடத்துகின்றன. மின்சாரம் செல்லக்கூடாத வழியில் பாய்ந்து நுண்ணிய உறுப்புகளைப் பழுதாக்குகிறது. ஈரத்தோடு மின்சாரமும் சேர்ந்தால் உலோகப் பகுதிகள் விரைவாக அரிக்கப்படுகின்றன. எனவே, நீரைத் துடைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்துவதே முதற்பணியாகும்.

உலர்ந்த கையால் சுவரிலுள்ள சுவிட்சை அணைத்த பின்னரே சார்ஜரைக் கழற்ற வேண்டும். கணினியின் இயக்குப் பொத்தானைச் சில நொடிகள் விடாது அழுத்தினால் அது அணைந்துவிடும். எழுதியதைச் சேமிப்பதற்காகக் காலந்தாழ்த்துதல் கூடாது. கழற்றக்கூடிய பேட்டரியாயின் அதனையும் எடுத்துவிட வேண்டும். புகையோ மிகுந்த வெப்பமோ தோன்றினால் கணினியைத் தொடாமல் விலகிப் பெரியவர்களை அழைக்க வேண்டும்.

பின்னர், பருத்தித் துணியால் ஈரத்தை ஒற்றியெடுத்து, விசைப்பலகை கீழ்நோக்கி இருக்குமாறு கணினியைக் கூடாரம்போல் கவிழ்த்து வைக்க வேண்டும்.

அரிசியில் புதைத்தால் ஈரம் நீங்கும் எனப் பலர் நம்புகின்றனர். உள்ளே தேங்கிய நீரை அரிசியால் வெளியேற்ற இயலாது. அதன் தூள் துளைகளில் புகுந்து புதிய தொல்லை தரும். முடி உலர்த்தியின் வெப்பக்காற்று நீரை மேலும் உள்ளே தள்ளக்கூடும்.

நீர் உலர்ந்தாலும் அதிலிருந்த உப்பும் சர்க்கரையும் உள்ளே படிந்திருக்கும். ஆகவே, காய்ந்துவிட்டது என்றெண்ணி இயக்கிப் பார்க்காமல், பழுது நீக்குபவரிடம் விரைந்து கொண்டு செல்ல வேண்டும். அவர் கணினியைத் திறந்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைக் கொண்டு படிவுகளை அகற்றுவார். கணினி இயங்காமற் போனாலும், பல வேளைகளில் அதிலுள்ள கோப்புகளை மீட்க இயலும்.

கடிந்துகொள்வார்களோ என அஞ்சிச் சில பிள்ளைகள் நிகழ்ந்ததை மறைப்பதுண்டு. மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அரிப்பு வளர்கிறது. சிந்தியது நீரா, பாலா, பழச்சாறா என்பதை உடனே கூறுவதே கணினியைக் காக்கும் வழி. வெள்ளம் வருமுன் அணை போடுதல் இன்னும் சிறந்தது. கோப்பையைக் கணினிக்கு எட்டத்தில் வைப்போம்; முதன்மையான கோப்புகளை வேறிடத்திலும் படியெடுத்து வைப்போம்.

சிந்தித்து விடை எழுதுக

1. நீரைத் துடைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். ஏன்?
2. உலர்ந்த பின்னரும் கணினிக்குக் கேடு நேர்வது எவ்வாறு?
3. உன் தம்பி மடிக்கணினியில் பால் சிந்திவிட்டு அஞ்சி நிற்கிறான். அவனிடம் நீ கூறுவதை ஐந்து தொடர்களில் எழுதுக.