உங்களுக்குத் தெரியுமா? இரண்டு கோடி டொலரை மறித்த எழுத்துப்பிழை

2016 பெப்ரவரியில் வங்கதேச மத்திய வங்கியில் திருடிய காசில் 20 மில்லியன் டொலர் இலங்கைக்கு அனுப்பப்பட்டது. பெறுநரின் பெயரில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் ‘ஃபாண்டேஷன்’ ஆகியிருந்தது. இடையிலிருந்த டொய்ச் வங்கிக்குச் சந்தேகம் வந்தது. காசு திரும்பிப் போனது. பிழையில்லாமல் பிலிப்பைன்ஸ் போனது 81 மில்லியன்!

• கள்வர் உள்ளே நுழைந்த வழி ஒரு மின்னஞ்சல். வேலை கேட்டு, சுயவிபரக்கோவைக்கு இணைப்பும் கொடுத்து, வெகு பணிவாக எழுதியிருந்தார்கள்.

• மோசடியைக் கண்டுபிடிக்க எழுத்துப்பிழையை மட்டும் நம்பியிருந்த காலம் போய்விட்டது. இன்று செயற்கை நுண்ணறிவு கள்வனுக்கும் நல்ல தமிழில் எழுதிக் கொடுக்கும்.

• இணைய முகவரியில் தொடக்கத்து இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால் இருப்பதைப் பாருங்கள். இலங்கை வங்கியின் ‘பிஓசி.எல்கே’ அங்கேயே முடியவேண்டும். அதன் பின்னால் புள்ளி வைத்து இன்னொரு பெயர் ஒட்டியிருந்தால், தளம் அந்த இன்னொருவருடையது. அனுப்புநர் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அதை யாரும் எப்படியும் போட்டுக்கொள்ளலாம்.

• புங்குடுதீவில் சுவிஸ், பிரான்ஸ், கனடாக் காசை எதிர்பார்த்திருக்கும் வீடுகள் பல. ‘உங்களுக்கு வந்த பணம் தடைப்பட்டுள்ளது, ஓடிபி தாருங்கள்’ என்ற கடிதம் அங்கே சுலபமாக எடுபடும். கணக்குக்குள் காசு வர ஓடிபி என்ற ஒருமுறைக் கடவுச்சொல் தேவையில்லை. வெளியே போகத்தான் அது கேட்கப்படும்.