விமானத்திற்கும் ஓர் அச்சாணி
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

தேர் எத்துணை பெரிதாயினும் அதன் ஓட்டம் சிறிய அச்சாணியை நம்பியே இருக்கிறது. விமானத்திற்கும் இது பொருந்தும்.

அமெரிக்காவில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே சிறு விமானம் கட்டிப் பறப்போர் பலர் உளர். இத்தகையோருக்காக 1953-இல் பால் போபெரெஸ்னி என்பவர் ஒரு சங்கத்தையே தோற்றுவித்தார். இவ்விமானங்களின் எஞ்சினை மூடியிருக்கும் கூட்டிற்குக் 'கவுலிங்' என்று பெயர். ஸ்பார்க் பிளக் மாற்றவும், குழாய்களில் கசிவு உண்டா என்று ஆராயவும் அதை அடிக்கடி கழற்ற வேண்டும். எனவே அதைப் பிணைக்கும் பூட்டு தரையில் எளிதில் திறக்க வேண்டும். வானில் ஒருபோதும் திறக்கக் கூடாது. பறக்கும்போது மூடி பெயர்ந்தால், பின்னால் இருக்கும் விமானியின் கண்ணாடியிலேயே வந்து மோதக்கூடும்.

பூட்டு எவற்றைத் தாங்க வேண்டும்? முதலாவது, காற்று. காற்றின் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாருங்கள். மணிக்கு 300 கி.மீ. வேகத்தில், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 430 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கிடைக்கும். முன்துளை வழியே நுழையும் காற்று உள்ளே வேகம் குறைந்து அழுத்தம் கூடுகிறது. வெளியே, வளைந்த மேற்புறத்தில் அழுத்தம் குறைகிறது. ஆகவே மேல்மூடி வெளிநோக்கித் தள்ளப்படுகிறது.

இரண்டாவது, அதிர்வு. நிமிடத்திற்கு 2,400 முறை சுழலும் நான்கு சிலிண்டர் எஞ்சினில் வினாடிக்கு 80 முறை எரிபொருள் பற்றி எரிகிறது. பம்புசெட்டில் நட்டு தளர்வதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. சாதாரணத் திருகு மலிவானது, உறுதியானது. ஆனால் ஒவ்வொன்றாகக் கழற்ற நேரமாகும். இரண்டாவது, நீண்ட கீல். இரு பாதிகளின் கண்களையும் கோத்து ஒரே எஃகுக் கம்பியைச் செருகுவார்கள். விசை நீளம் முழுவதும் பகிரப்படும். வெளிப்புறமும் வழவழப்பாக இருக்கும். ஆனால் வளைவான இடத்தில் கம்பியைச் செருகுவது கடினம். நாளடைவில் அதிர்வால் கீலின் கண்கள் உடையலாம். கம்பியின் முனையைப் பிணைக்காவிட்டால் அது நழுவி வெளியே வந்துவிடும்.

மூன்றாவது, கால் சுற்றுப் பூட்டு. உக்ரைனிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய வில்லியம் ட்சூஸ் 1930-களில் இதைப் பரவச் செய்தார். இதன் தண்டில் சுருள் வடிவ வெட்டு உண்டு. 90 பாகை திருப்பினால் அது வில்கம்பியைக் கவ்வி இழுத்து, முடிவிலுள்ள பள்ளத்தில் அமர்ந்துகொள்ளும். கம்பியின் இழுவிசை இருக்கும்வரை அதிர்வு அதைத் திருப்ப முடியாது. தலையிலுள்ள கோடு நிற்கும் திசையைக் கொண்டே பூட்டியிருப்பதை அறியலாம். ஆனால் தண்டின் நீளம் தகட்டின் தடிமனுக்குப் பொருந்த வேண்டும். நீண்டால் மூடி ஆடும், குறைந்தால் பூட்டு விழாது.

அடிக்கடி திறக்கும் விளிம்பில் கால் சுற்றுப் பூட்டும், அரிதாகத் திறக்குமிடத்தில் திருகோ கீலோ வைப்பது சிறந்தது. ஏனெனில் கழற்றுவதற்குச் சலிப்பூட்டும் பூட்டு சோதனையையே தள்ளிப்போட வைக்கும். உள்ளே தொடங்கிய சிறு கசிவு யார் கண்ணிலும் படாமல் வளரும். ஆகவே வலிமை மட்டும் நல்ல பூட்டுக்கு இலக்கணம் ஆகாது. நாள்தோறும் நம்மைத் திறந்து பார்க்கச் செய்வதும் அதன் கடமையே ஆகும்.