செம்மறியாட்டின் கால் எலும்பளவுகளும் உடல் அளவும்: விலங்குத் தொல்லியல் நோக்கில் ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

அகழாய்வுகளில் கிடைக்கும் செம்மறியாட்டின் கால் எலும்புகளை அளந்து அதன் உடல் அளவை மதிப்பிடுவது விலங்குத் தொல்லியலில் நிலைபெற்ற முறையாகும். எனினும் ‘உடல் அளவு’ என்னும் சொல் உயரம், எடை ஆகிய இரு வேறு பண்புகளை ஒருங்கே குறிக்கின்றது. எலும்பின் நீளம் உயரத்தோடும், அகலமும் தடிப்பும் எடையோடும் நெருங்கிய தொடர்புடையன. பாலினம், காயடித்தல், வயது, ஊட்டம் ஆகியவை இத்தொடர்புகளை வெவ்வேறு வகையில் மாற்றுகின்றன. ஆகவே, எலும்பளவின் சராசரி உயர்ந்தமையை மட்டுமே சான்றாகக் கொண்டு ஆட்டினம் மேம்பட்டது என முடிவு செய்தல் பொருந்தாது என்பதை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச்சொற்கள்: செம்மறியாடு, எலும்பளவியல், தோள் உயரம், உடல் எடை, காயடித்தல், விலங்குத் தொல்லியல்

முன்னுரை

பண்டைய மக்கள் வளர்த்த ஆடுகள் எவ்வளவு பெரியவை என்னும் வினா, அம்மக்களின் பொருளியல் வாழ்வோடு தொடர்புடையது. ஓர் ஆட்டிலிருந்து கிடைத்த இறைச்சி, மேய்ச்சல் நிலத்தின் வளம், வெளியிடங்களிலிருந்து புதிய இனங்கள் கொண்டுவரப்பட்டமை ஆகியவற்றை அறிய இவ்வினாவின் விடை உதவுகின்றது. முழு எலும்புக்கூடு அரிதாகவே கிடைக்கும். இறைச்சிக்காக வெட்டப்பட்டு, நாய்களால் கடிக்கப்பட்டு எஞ்சிய துண்டுகளே பெரும்பாலும் ஆய்வாளர் கைக்கு வருகின்றன. அத்துண்டுகளில் எந்த அளவு எதனைக் கூறும், எதனைக் கூறாது என்பதை வரையறுத்தல் இன்றியமையாதது.

அளவீட்டு முறை

1976ஆம் ஆண்டு அங்கேலா ஃபோன் டென் டிரீஷ் வெளியிட்ட அளவீட்டுக் கையேடு, இத்துறையில் பொது அளவுகோலாக விளங்குகின்றது. ஒவ்வோர் எலும்பையும் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிவரை அளத்தல் வேண்டும் என்பதை அது வரையறுத்தது. கால் எலும்புகளைப் பொறுத்தவரை அதிகபட்ச நீளம், மேல்முனை அகலம், கீழ்முனை அகலம், தண்டின் மிகக் குறைந்த அகலம் ஆகியவை முதன்மையான அளவுகள். நீளத்தை அளக்க முழு எலும்பு தேவை. அகலத்தை அளக்க முனைத்துண்டு ஒன்றே போதும். எனவே தொல்லியல் தரவுகளில் நீள அளவுகள் குறைவாகவும் அகல அளவுகள் மிகுதியாகவும் அமைகின்றன. அகலத்தின் அடிப்படையில் ‘ஆடு பெரிதாயிற்று’ எனக் கூறும்போது, உயரத்தைப் பற்றிப் பேசுகிறோமா, எடையைப் பற்றிப் பேசுகிறோமா என்னும் தெளிவு வேண்டப்படுவது இதனாலேயே.

நீளமும் தோள் உயரமும்

கால் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்து உடலைத் தாங்குவதால், அவற்றின் நீளம் தோள் உயரத்தோடு நேரடித் தொடர்புடையது. இத்தொடர்பை 1975ஆம் ஆண்டு மான்ஃபிரட் டைஷெர்ட் பெருக்கற் காரணிகளாக வகுத்தார். செம்மறியாட்டின் மெட்டாகார்பல் எனப்படும் முன்னங்கால் குழலெலும்புக்கு 4.89, மெட்டாடார்சல் எனப்படும் பின்னங்கால் குழலெலும்புக்கு 4.54, ஆரை எலும்புக்கு 4.02, தொடை எலும்புக்கு 3.53, டிபியா எனப்படும் கீழ்க்கால் எலும்புக்கு 3.01 என்பன அவர் தந்த காரணிகள். எடுத்துக்காட்டாக, மெட்டாகார்பலின் நீளம் 120 மி.மீ. எனில் தோள் உயரம் ஏறத்தாழ 58.7 செ.மீ. ஆகும்.

இக்கணக்கீட்டின் முதற்படி, எலும்பு செம்மறியாட்டினுடையதா வெள்ளாட்டினுடையதா என உறுதி செய்வதாகும். வெள்ளாட்டின் குழலெலும்புகள் ஒப்பீட்டளவில் குட்டையானவை, தடித்தவை. வெள்ளாட்டின் மெட்டாகார்பலுக்கு 1967ஆம் ஆண்டு ஷ்ராம் அளித்த காரணி 5.75. அதே 120 மி.மீ. எலும்பு வெள்ளாட்டினுடையது எனில் உயரம் 69 செ.மீ. என வரும். இன அடையாளத்தில் நேரும் ஒரு பிழை, பத்துச் செ.மீ. அளவுக்கு முடிவை மாற்றிவிடுகின்றது.

அகலமும் உடல் எடையும்

எடை, எலும்பின் நீளத்தைவிடக் குறுக்குப் பரப்போடு நெருங்கிய தொடர்புடையது. உருவம் மாறாமல் ஒரு விலங்கின் உயரம் 10 விழுக்காடு கூடினால், அதன் எடை ஏறத்தாழ 33 விழுக்காடு கூடும். எலும்பின் குறுக்குப் பரப்போ 21 விழுக்காடு மட்டுமே கூடும். எடையின் வளர்ச்சிக்குப் பரப்பின் வளர்ச்சி ஈடுகொடுக்காது என்னும் இவ்வுண்மையை 1638ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலில் கலிலியோ விளக்கினார். கனத்த விலங்கின் எலும்பு, நீள விகிதத்தைவிட மிகுதியாகத் தடிக்க வேண்டியிருப்பது இதனாலேயே. குளம்பி விலங்குகளில் எடையை மதிப்பிட, நீளத்தைவிட அகலமும் தண்டின் சுற்றளவும் பொருத்தமானவை எனக் கொள்ளப்படுவதற்கும் இதுவே அடிப்படை.

ஒரே மந்தையின் சான்று

இவ்விரு வகை அளவுகளும் ஒரே திசையில் செல்கின்றனவா என்பதைச் சோதிக்க, ஒரே சூழலில் வளர்ந்த ஆடுகளின் எலும்புகள் தேவை. இத்தேவையை நிறைவு செய்தது, ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாண்ட் தீவுகளின் பெயர் தாங்கிய பழைய இனத்தைக் கொண்டு சைமன் டேவிஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு. ஒரே மந்தையைச் சேர்ந்த 26 முதிர்ந்த பெட்டையாடுகளின் எலும்புகளை அவர் அளந்தார். நீளங்கள் பிற நீளங்களோடும், அகலங்கள் பிற அகலங்களோடும் உயர்ந்த ஒட்டுறவு காட்டின. நீளத்திற்கும் அகலத்திற்கும் இடையிலான ஒட்டுறவு அத்துணை வலுவாக இல்லை. ஒரே பாலினம், ஒரே இனம், ஒரே மேய்ச்சல் என்னும் நிலையிலேயே இவ்வேறுபாடு தோன்றுவது கருதத்தக்கது. வெவ்வேறு எலும்புகளின் அளவுகளை ஒரு செந்தர விலங்கின் அளவோடு மடக்கை வழியே ஒப்பிட்டு ஒரே வரைபடத்தில் தொகுக்கும் முறை இன்று பரவலாக உள்ளது. அம்முறையில் நீளத்தையும் அகலத்தையும் கலவாது தனித்தனியே தொகுத்தல் வேண்டும் என்பது இச்சான்றின் வழி பெறப்படுகின்றது.

தொடர்பை மாற்றும் காரணிகள்

முதற்காரணி பாலினமும் காயடித்தலும். எலும்பு நீள்வது அதன் முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளில். பாலின இயக்குநீர்கள் அத்தட்டுகள் மூடுவதை விரைவுபடுத்துகின்றன. இளமையில் காயடிக்கப்பட்ட கிடாயில் அவை தாமதமாக மூடுவதால், எலும்பு நீண்டும் ஒப்பீட்டளவில் மெலிந்தும் அமைகின்றது. 2000ஆம் ஆண்டு வெளியிட்ட மற்றோர் ஆய்வில் டேவிஸ் இதனை ஷெட்லாண்ட் ஆடுகளில் காட்டினார். உயரமான ஆடுகள் கனத்த ஆடுகளாகவே இருத்தல் வேண்டும் என்னும் கருத்தை இச்சான்று மறுக்கின்றது.

இரண்டாவது வயது. மேற்கை எலும்பின் கீழ்முனை முதலாண்டிலேயே இணைந்துவிடுகின்றது. டிபியாவின் கீழ்முனை ஏறத்தாழ இரண்டாம் ஆண்டிலும், ஆரை எலும்பின் கீழ்முனை ஏறத்தாழ மூன்றாம் ஆண்டிலும் இணைகின்றன. முனை இணையாத எலும்புகளை அளவீட்டில் சேர்த்தல் தவறு. முன்னதாக இணையும் முனைகளில் இளம் ஆடுகளும் கலந்திருக்கும் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

மூன்றாவது ஊட்டம். எலும்பு முதலில் நீள்கின்றது, பின்னரே தடிக்கின்றது. எனவே வளர்பருவத்தில் தீவனம் குறைந்தால், பிந்தி வளரும் தடிப்பே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றது என்பதைப் பால்சனும் வெர்ஜெஸும் 1952ஆம் ஆண்டு ஆட்டுக்குட்டிகளைக் கொண்டு நிறுவினர். நீளம் மாறாது அகலம் மட்டும் குறைந்திருப்பின், இன மாற்றத்தைவிட மேய்ச்சல் வறட்சியை முதலில் கருதுதல் தகும்.

சராசரியின் வரம்பு

ஒரு கற்பனைக் கணக்கு இதனைத் தெளிவாக்கும். ஓர் இனத்தில் டிபியாவின் கீழ்முனை அகலம் பெட்டைக்கு 25 மி.மீ., கிடாய்க்கு 28 மி.மீ. எனக் கொள்வோம். ஒரு காலக்கட்டத்தின் எலும்புகளில் பெட்டைகள் 80 விழுக்காடு எனில் சராசரி 25.6 மி.மீ. ஆகும். அடுத்த காலக்கட்டத்தில் பெட்டைகள் 40 விழுக்காடு எனில் சராசரி 26.8 மி.மீ. என உயரும். எந்த ஆடும் பெரிதாகவில்லை. மந்தையின் அமைப்பே மாறியது. பாலுக்காக வளர்த்தவர்கள் கம்பளிக்காகக் காயடித்த கிடாய்களை மிகுதியாக வைத்துக்கொண்டாலும் இத்தகைய உயர்வே தோன்றும். சராசரியோடு அளவுகளின் பரவலையும் காட்டுதல் இதனால் இன்றியமையாததாகின்றது.

இதற்கு மறுதலையான நிலையும் உண்டு. இங்கிலாந்தின் டிஷ்லியில் ராபர்ட் பேக்வெல் (1725–1795) உருவாக்கிய லெஸ்டர் ஆடுகள், மெல்லிய எலும்பும் விரைவில் கொழுக்கும் இயல்பும் கொண்டவையாகத் தெரிவு செய்யப்பட்டவை. அங்கு இனமேம்பாடு உண்மையிலேயே நிகழ்ந்தது. எனினும் எலும்பின் தடிப்பு அதற்கேற்ப உயர வேண்டும் என எதிர்பார்க்க இயலாது.

தமிழக ஆய்வுகளுக்கான பொருத்தம்

மேற்கூறிய காரணிகள் ஐரோப்பிய ஆடுகளிலிருந்து பெறப்பட்டவை. தமிழகத்தின் மேச்சேரி ஆடு கம்பளியற்ற மயிராடு. நீலகிரி ஆடு கம்பளி ஆடு. உடலமைப்பால் வேறுபட்ட இவற்றுக்கு அக்காரணிகளை அப்படியே பொருத்துவதைவிட, வயது, பாலினம், எடை, தோள் உயரம் ஆகியவை பதிவு செய்யப்பட்ட உள்ளூர் ஆடுகளின் எலும்புத் தொகுப்புகளை உருவாக்கி, அவற்றில் சோதித்துக் கொள்ளுதலே முறையாகும்.

முடிவுரை

கால் எலும்பு, விலங்கின் உடலைப் பற்றி இரு செய்திகளைத் தருகின்றது. நீளம் உயரத்தையும், அகலம் எடையையும் சுட்டுகின்றன. இரண்டும் சேர்ந்து உயர்ந்து, பாலின விகிதமும் மாறாதிருப்பின் இன மாற்றம் பற்றிய கருத்து வலுப்பெறும். ஒன்று மட்டும் மாறியிருப்பின் காயடித்தல், ஊட்டம், மந்தையின் அமைப்பு ஆகியவற்றை முதலில் ஆராய்தல் வேண்டும். ஆகவே எலும்பளவு அறிக்கைகள், எந்த எலும்பு, எந்த அச்சு, எந்த முனை இணைவு நிலை, எத்தனை மாதிரிகள் என்பவற்றைத் தனித்தனியே குறிப்பிடுதல் அவசியமாகும்.